பின்னறையின் மண்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. காதுதான் மந்தமாகிக்கொண்டே போகிறது. ஆனால் அவரைப் பற்றிப் பேசினால் மட்டும் இரண்டு அறை தள்ளியிருந்தாலும் கேட்டுவிடுகிறது.

நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய விற்பனைப் பத்திரம் மூன்று வாரமாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நீ போனில் கேட்டபோதெல்லாம் மழுப்பினேன். உனக்குக் கோபம் வந்தது நியாயம்தான். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நான் அழுவேன், இல்லையென்றால் பாதியில் நீ பேசுவாய். அதனால்தான் கடிதம். பொறுமையாகக் கடைசிவரை படி.

அப்பாவின் கடையிருந்த இடத்தை வாங்கப்போகும் டீச்சர் அங்கே குழந்தைகள் காப்பகம் வைக்கப்போகிறார். முப்பது வருடம் டிரை கிளீனிங் நடந்த இடம், மண்ணைச் சோதித்துவிட்டால் நல்லது என்று அவர் கேட்டார். நீயும் அங்கிருந்தபடியே ஓர் ஆளைப் பிடித்து ஏற்பாடு செய்தாய். ‘எதுவும் இல்லை’ என்று அறிக்கை வந்தது. ‘பார்த்தியா அக்கா, வீணா பயந்தோம்’ என்று எனக்கு எழுதினாய்.

தம்பி, அந்த மண் முதலில் எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. வாங்கி வைப்பது நான்தானே. நீ பிடித்த அந்த ஆளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்பீடு’. எப்போதும் வண்டியை அணைக்காமலே உள்ளே ஓடிவருவார். ஐந்து பாலிதீன் பைகள், வாயில் ரப்பர் பேண்ட். கல் பொறுக்கி, கட்டியை உடைத்து, தட்டில் பரப்பி உலர்த்தி, பிறகு இரண்டு நாள் கார் டிக்கியில் வைத்திருந்திருக்கிறார். பயிர் வைக்கிற மண்ணென்றால் அது சரி. நான் வாங்க மறுத்தேன். “என்னக்கா, மண்ணு என்ன பறந்தா போயிடும்?” என்று சிரித்தார். “மண்ணு இருக்கும்ங்க. நாம தேடுறதுதான் பறந்துடும்” என்றேன். அவர் பைகளை எடுத்துக்கொண்டு போய் வேறேதோ ஆய்வகத்தில் கொடுத்து அந்த அறிக்கையை வாங்கிவிட்டார். படிவத்தில் இருந்தது நம் இடத்தின் எண் என்பதை நான் அப்போதே பார்த்துவிட்டேன்.

கடையில் நாம் ‘மருந்து’ என்று சொல்வோமே, அந்த டிரை கிளீனிங் திரவம் காற்றுப் பட்டால் நிற்காது. பெட்ரோலில் நனைந்த துணியை வெயிலில் காயவைத்து முகர்ந்துவிட்டு, பெட்ரோலே இல்லை என்பது போலத்தான் உன் கையிலிருக்கும் அறிக்கை.

இது தெரிந்தும் நான் இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்தக் காகிதம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். ஒரு நாள் டீச்சர் அளவு நாடாவோடு வந்தார். சாவி கொடுக்க நான் போயிருந்தேன். எல்லா இடத்தையும் அளந்துவிட்டுப் பின்னறையில் நின்று, “தவழுற குழந்தைங்கள இங்க விடலாம். வெயிலே படாது, தரை நல்லா குளுகுளுன்னு இருக்கு” என்றார். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, “மறுபடி ஒழுங்கா பாத்துடலாம்” என்று மட்டும் சொன்னார்.

எங்கள் தலைமை கெமிஸ்ட் அம்மாவே ஆட்களோடு வந்தார். “உங்க குடும்பத்து இடம். நீங்க ஒரு பாட்டிலக்கூடத் தொடக் கூடாது, நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது” என்று என்னை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன், மண் எடுப்பதை வேடிக்கை பார்த்தது அன்றுதான். குழாயை இறக்கி மண்ணை மேலே எடுத்ததும், ஊசிக்குழல் மாதிரி ஒன்றை அதில் குத்தி ஐந்து கிராம் எடுத்து, அது பறக்காமல் பிடித்துவைக்க மெத்தனால் ஊற்றி முன்பே எடைபோட்டு வைத்த கண்ணாடிக் குப்பிக்குள் சட்டென்று தள்ளினார்கள். வாய் விளிம்பில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் மூடி பொருந்தாது, சந்து வழியாக எல்லாம் போய்விடும் என்று துடைத்துத் துடைத்து மூடினார்கள். மூடிய குப்பி நேராக ஐஸ் பெட்டிக்குப் போனது.

அப்பாவை நான் அழைத்துப் போகவில்லை. அவராகவே ஆட்டோ பிடித்து வந்து, வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு குழி முடிந்தது. மூன்றாவதை முன்பக்கம் தொடங்கப் போனபோது எழுந்து, தடியை ஊன்றிப் பின்பக்கம் நடந்தார். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், பின்னறைச் சுவரை ஒட்டி நின்று தடியால் தட்டினார். “அங்க இல்லம்மா. இங்க போடுங்க. மெஷின் கழிவு பூரா நான் இங்கதான் ஊத்தினேன்.” யாரும் கேட்காமல் சொன்னார். கெமிஸ்ட் அம்மா எத்தனை வருடம் என்று கேட்டார். “கடை இருந்தவரைக்கும். அப்ப இதெல்லாம் யாரும் சொல்லல” என்றவர், சற்று நின்று, “சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனான்னு தெரியல” என்றார்.

அந்தக் குழியில் மருந்து, அனுமதிக்கப்பட்ட அளவைப் போல நாற்பது மடங்கு இருக்கிறது. முன்பக்கக் குழிகளில் மிகக் குறைவு.

முடிவை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். “உங்கம்மா உக்காந்து இஸ்திரி போட்டாளே, அந்த எடத்துல எவ்வளவு?” பின்னறைத் தரைக்கு அடியில் இன்னும் மண் எடுக்கவில்லை அப்பா என்றேன். “எடுக்கச் சொல்லு” என்று எழுந்து போய்விட்டார்.

அம்மாவைக் கடைசியாகக் காட்டிய டாக்டர் அவளிடம், குடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டது உனக்குத் தெரியாது. நீ அப்போது பரீட்சைக்குப் போயிருந்தாய். ஈரல் அப்படிக் கெட்டிருந்தது. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், “கேட்டீங்களா, நான் குடிகாரியாம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட நான் டாக்டர் இல்லை. கெமிஸ்ட் அம்மாவிடம் கேட்டேன். இத்தனை வருடம் கழித்து அப்படியெல்லாம் யாராலும் சொல்ல முடியாது என்றார். அப்பாவிடம் அதைச் சொன்னேன். தலையாட்டினார்.

விற்பனை இப்போதைக்கு இல்லை. டீச்சர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். இடம் நம் இருவர் பேரிலும் இருப்பதால், பின்னறைத் தரையை உடைக்க இருவரும் சம்மதிக்க வேண்டும். அந்தப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிடுகிறேன். தெரியாமலே இருந்துவிட்டால் அப்பாவுக்கு நல்லதா, தெரிந்துவிட்டால் நல்லதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கேட்பது அவர். நீ போட்டு அனுப்பு, கீழே நான் போடுகிறேன்.

இன்னொன்று. போன இரண்டு ஞாயிறும் நீ வீடியோவில் கூப்பிட்டபோது அப்பா தூங்குகிறார் என்றேனே, அவர் தூங்கவில்லை. சட்டை மாற்றித் தலைவாரி என் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தார். உன் குரல் கேட்டதும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். ஞாயிறுக்குக் காத்திராதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, அவர் எதிர்பாராத நேரத்தில் கூப்பிடு. கடையைப் பற்றி ஒன்றும் கேட்காதே, ஆறுதலும் சொல்லாதே. குட்டியைப் பேசவிடு. அவள் தாத்தா என்று கூப்பிட்டால் அவரால் கையை ஆட்ட முடியாது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா