சாம்பிராணி குடித்த கம்ப்யூட்டர்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே வெயில். புகைமூட்டம், மலை தெரியவில்லை. துணி காயப்போட்டாயிற்று. நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். கீழ்வீட்டு ரஹ்மத் அக்கா கொடுத்த ஆட்டுக்கறி இன்னும் பாதி இருக்கிறது.

கம்ப்யூட்டர் மறுபடி செத்தது. எச்சரிக்கை இல்லை, பொட்டென்று இருட்டு. பழகுவதற்காக எடுத்த வீடியோவில் பாதி வசனம் தட்டியிருந்தேன். போச்சு. "சனியனே!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பக்கத்திலேயே சாமி மேடை.

வரும் சனி காலை எனக்குச் சோதனை. கோலாலம்பூர் கம்பெனி. பாட வீடியோக்களுக்குத் தமிழில் வசனம் தட்டும் வேலை, வீட்டிலிருந்தே. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு மணி நேரம் செய்து காட்ட வேண்டும். நடுவில் கம்ப். நின்றால் அவ்வளவுதான், இன்னொரு வாய்ப்பு கிடையாது என்று முன்பே எழுதிவிட்டார்கள். போனில் செய்ய முடியாது. இரவல் கேட்க ஆளும் இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் எங்கள் லைனை மூடியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். வீட்டுக்காரர் பஸ் ஓட்டிக் களைத்து வருகிறார், ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் எரிச்சல். ஒரு வார்த்தை திட்டினால் நானும் திட்டி ஆறிக்கொள்வேன்.

ஜூன் 9, திங்கள்

வெயில். காற்றே இல்லை.

அழுது பயனில்லை. இத்தனை வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவள் நான். அங்கே ஒரே வேதம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

முதலில் பிளக். இதுவரை ரைஸ் குக்கரோடு ஒரே எக்ஸ்டென்ஷனில் இருந்தது. பிடுங்கி நேராகச் சுவரில் குத்தினேன். நின்றது.

வைரஸோ? சோதிக்க விட்டேன். பாதியிலேயே நின்றது. 

மதியம் ஆயர் ஈத்தாம் சந்தை பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தேன். கடை முதலாளி தவுக்கே கம்ப்யூட்டரைப் பார்க்காமலே பவர் சப்ளை போயிருக்கும், மாற்று என்கிறார். பார்க்காமல் மருந்து எழுதுகிற டாக்டர். வேண்டாம்.

மாலை விளக்கேற்றி, கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணி காட்டினேன். வாங்கிய நாளிலிருந்து வெள்ளிதோறும் காட்டுகிறேன். ஃபேக்டரிக்காரன் கடைசியாகக் கொடுத்த பணத்தில் செகண்ட்ஹேண்டாக வாங்கியது, சோறு போடப் போகிற பொருள். அதனால்தான் சாமி மேடைக்குக் கீழேயே இடம். பக்கவாட்டில் திருநீற்றுப் பட்டை, நடுவில் குங்குமம். மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகு தினமும் காட்டுகிறேன்.

அவர்: "ஒன் கம்ப்யூட்டருக்கு சாமி வந்துருச்சு போல, வசந்தா. அதான் ஆடி ஆடி விழுவுது."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

விடிகாலை சின்ன மழை. மலை தெரிந்தது.

இன்று மெமரி துண்டு. கழற்றி, தங்க நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினேன். அதைச் செய்ய எனக்குப் புத்தகம் வேண்டாம். ஆன் செய்தேன். ஓடியது. ஓடியது! வசனம் தட்டினேன், தட்டினேன், சாம்பார் அடிபிடித்தது கூடத் தெரியவில்லை.

பிறகு நின்றது.

குளியலறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். எனக்கு இந்த வேலை வேண்டும். சும்மா பொழுதுபோக்கு இல்லை. காலையில் எழுந்தால் எங்காவது என்னை எதிர்பார்க்கிறார்கள் என்று இருக்க வேண்டும். தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டேன்.

ஒன்று கவனித்தேன். காலையில் முதல் தடவை நீண்ட நேரம் ஓடுகிறது. நின்ற கையோடு திரும்பப் போட்டால் சீக்கிரமே நிற்கிறது. ஏன்?

ஜூன் 11, புதன்

கொளுத்துகிறது. வாழைப்பழம், சோப்பு, அவருடைய சட்டைக்குப் பொத்தான் வாங்க வேண்டும்.

ரஹ்மத் அக்கா கறிப் பாத்திரத்தை வாங்க மேலே வந்தார். வேலை பார்க்கும் நாசி கண்டார் சோற்றுக் கடையில் காலை முதல் நின்ற களைப்பு. தேநீர் கொடுத்தேன். குடித்தபடியே கையைக் கம்ப்யூட்டர் தலையில் ஊன்றினார்.

"யா அல்லா! என்னடி இது, இப்புடி சுடுது?"

"மெஷினுன்னா சுடாதாக்கா?"

"சுடும்லா. ஆனா இது அடுப்பு மாதிரில சுடுது. எங்க கடை எக்ஸாஸ்ட் ஃபேனு இப்புடித்தான், எண்ணெ புடிச்சிப் போயி சூடாயி நின்னுரும். ஆறுனா ஓடும். தொறந்து பாத்தியா?"

மெமரிக்காகத் திறந்தேன். பார்த்தது மெமரியை மட்டும். கண்ணாடி போடாமல். ஒரு நேரத்தில் ஒன்று, என் வேதம்!

கண்ணாடி போட்டு, டார்ச் அடித்துத் திறந்தேன். உள்ளேயிருந்து குப்பென்று சாம்பிராணி வாசம். விசிறியின் இறக்கைகளில் கறுப்பாகப் பிசின். அதற்கடியில் சூடு வாங்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளிபோல் அடைத்து, அதன்மேல் திருநீறு. ஒரு மல்லிகை இதழ்கூட. காற்று போகிற ஓட்டை முழுக்கக் குங்குமம்.

ர. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "நாங்களும் சாம்பிராணி போடுவோம்டி. ஆனா மனுசருக்குப் போடுவோம்! நீ அது வாயில ஊட்டியிருக்கே!"

நோய் வந்தது என்று தினமும் மருந்து கொடுத்தேனே, மருந்தேதான் நோய். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிய சந்தோஷம். காரணம் தெரிந்துவிட்டது!

ஜூன் 12, வியாழன்

மேகம். நல்ல வெளிச்சம், வேலைக்கு ஏற்ற நாள்.

பஸ் பிடித்துத் தவுக்கே கடைக்குப் போய், சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் வெப்பப் பசை வாங்கினேன். பழைய பசை காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. விசிறியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டி, ஃபார்மசி ஆல்கஹாலால் பிசினைத் துடைத்தேன். புதுப் பசை பட்டாணி அளவு. அமுக்கி, திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக முடுக்கினேன். கை மறக்கவில்லை.

சாமி மேடைக்குக் கீழிருந்து ஹாலுக்கு, ஜன்னலோரம் இடமாற்றம். "கோவிச்சுக்காதே முருகா, கண்ணுக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்கினேன்.

மதியம் முதல் அவர் வரும்வரை ஓடவிட்டேன். வீடியோ, தட்டச்சு, எல்லாம் சேர்த்து. நிற்கவில்லை. தலையைத் தொட்டுப் பார்த்தேன். ஜுரம் விட்ட குழந்தை.

ஜூன் 13, வெள்ளி

மாலை நல்ல மழை. புகைமூட்டம் கழுவிப் போயிற்று.

காலை முழுக்கப் பழக்கம். நிற்கவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினேன். பழக்கதோஷத்தில் கை சாம்பிராணி டப்பாவுக்குப் போனது. திரும்பி வந்தது.

அவர்: "வெள்ளிக்கெழம, வாசமே இல்லியே?"

"நாளைக்கி ஒரு நாள் முடியட்டும்."

பயம் இருக்கிறது. மெஷினைப் பற்றி இல்லை இப்போது. என்னைப் பற்றி. என் விரல் வேகம் போதுமா? சின்னப் பிள்ளைகளெல்லாம் போட்டிக்கு இருப்பார்கள்.

ஜூன் 14, சனி

தெளிந்த வானம். மலை மேலே வீடுகள்கூடத் தெரிகின்றன.

குளித்து வந்து பார்த்தால் அவர், இன்று லீவு போட்டவர், திருநீற்றுத் தட்டோடு கம்ப்யூட்டரை நோக்கிப் போகிறார். சாமி கும்பிட வாவென்றால் குறட்டை விடுகிற மனுஷன்!

"ஐயோ, அதுக்கு வேணாங்க!"

நின்றார். விரலில் எடுத்த திருநீறு அப்படியே இருக்கிறது. கொஞ்சம் யோசித்தார். பிறகு என் பக்கம் வந்து என் நெற்றியில் பூசிவிட்டார்.

"வேல செய்யப் போறது நீதானே."

இத்தனை மாதமாக ஒன்றும் சொல்லாததற்கெல்லாம் சேர்த்து அது போதும் எனக்கு. கண் கலங்கியது, திரை தெரியாதே என்று துடைத்துக்கொண்டேன்.

பத்து மணி. தட்டினேன். முதலில் அவசரத்தில் இரண்டு பிழை. பிறகு ஓட்டம். விசிறி ஒரே சீராக இரைந்தது. இடையில் ஒரு தடவை கையை நீட்டித் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவே. 

முடிந்ததும் ஹெட்போனில் அந்தக் கம்பெனிப் பெண்: "ஓகேலா, அக்கா. ரெண்டு எடத்துல மட்டும் லேட்டு, பழகிருவீங்க. திங்கக்கெழமைலேந்து வேலைல சேந்துருங்க."

கதவைத் திறந்தேன். அவர் வெளியே வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், நான் தட்டும்போது யாரும் சத்தம் போடக் கூடாதென்று காவல். ர. அக்காவுக்கும் வாயில் விரல் வைத்துச் சைகை. என் முகத்தைப் பார்த்ததும் இருவருக்கும் புரிந்துவிட்டது.

"அப்ப இன்னிக்கி சாம்பிராணி போட்டுருவமா?" என்றார் வீட்டுக்காரர்.

"போடுங்க. ஜன்னலத் தொறந்து வச்சிட்டு, அடுப்படில."