வல்லாரைப் பொடியும் ரோஸ் கலர் செருப்பும்

தம்மாம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ரிஃபானா,

உன் மீதும் நம் மகள் மெஹ்ரீன் மீதும் அல்லாஹ்வின் சாந்தி இருக்கட்டும். அத்தாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம்.

சாவியை மறக்கிறேன், போனை மறக்கிறேன் என்று சொன்னதும், பெரிய கடை வீதி நாட்டு மருந்துக் கடையில் வல்லாரைப் பொடி வாங்கி அனுப்பினாய். தினமும் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறேன். ஊறவைத்த பாதாமைத்தான் சில நாள் சாப்பிட மறந்துவிடுகிறேன். சிரிக்காதே.

நேற்று மெஹ்ரீனுக்கு ரோஸ் கலரில் செருப்பு வாங்கினேன். கடைக்காரர் அளவு கேட்டதும் யோசிக்காமல் டக்கென்று சொன்னேன். ஊருக்குக் கிளம்பும் அப்துல் அஹத், அதைப் பெட்டியில் வைக்கும்போது சிரித்துவிட்டார். "ஹாலித் பாய், உங்க மகளுக்குப் பத்து வயசுன்னீங்க. இது ஏழு வயசுப் புள்ளைக்குத்தாங்க சரியா இருக்கும்."

நானும் சிரித்தேன். அதன்பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அறைக்கும் மாடிப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அளவை நான் மறக்கவில்லை, ரிஃபானா. மூன்று வருடத்துக்கு முன் நான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய அன்று அவள் போட்டிருந்த அளவு அப்படியே நினைவில் இருக்கிறது. அதுதான் கோளாறு.

பொடி இனி வேண்டாம். அவளை ஒரு தாளில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, அஹத் திரும்பும்போது கொடுத்துவிடு. போட்டோ அனுப்பாதே. போனில் அவள் எப்போதும் ஒரே அளவில்தான் இருக்கிறாள்.

வண்டி வந்துவிட்டது, அஹத் கூப்பிடுகிறார். இரண்டு பாதத்தையும் வரை.

ஹாலித்