மடுவத்தடியில் நின்ற ரோசி

பெப்ரவரி 12, வெள்ளி

காலையில ஒரே பனி. கொட்டிலுக்குள்ள நீட்டின கை தெரியல. நாலு குதிரைக்கும் குளம்பு சுரண்டியாச்சு. ரோசி வழக்கம்போல என் தோளை நக்கினா. வேர்வை உப்புக்கு அலையிறவ.

கிளப்பு பலகையில புது நோட்டீசு. மூணாங்கிளாஸ் படிப்பு, விரலை வச்சு வச்சு வாசிச்சேன். சொந்தக் குதிரை இல்லாதவங்களும் இனி சேந்து சவாரி பழகலாமாம். சனி, ஞாயிறு. பதிலுக்குச் செய்ய வேண்டியது:
புல்லு ஒரு கட்டு
கொட்டில் கூட்டுறது
ரோசியைத் தேய்ச்சு விடுறது

அட, பூராவும் என் வேலை. அப்ப நானும் இத்தனை வருசமா கிளப்பு மெம்பர்தான். ஒருத்தரும் சொல்லல.

சிரிப்பு அதோட சரி. செகரட்டரி தொரை கூப்பிட்டார். "மருதை, அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள ரெண்டு பேராவது ரோசியில ஏறி ஆறாம் நம்பர் தேயிலை மலையைச் சுத்தி வரணும். இல்லாட்டி கண்டி ஆளுக்குக் குடுத்துருவோம். நீ ஏறினா சேத்துக்க முடியாது, நீ கொட்டில் ஆளு." கால் சப்பாத்தைப் பாத்துக்கிட்டே சொன்னார். கண்டி ஆளு தோல் வாங்குற ஆளு.

தோட்டத்து வெள்ளைத் தொரை பதினோரு வருசம் ஏறி மலை சுத்தின குதிரை ரோசி. சீமைக்குப் போறப்ப கிளப்புல விட்டுட்டுப் போனார். பல்லு தேஞ்சு போச்சு. மத்த மூணுக்கும் சொந்தக்காரங்க இருக்காங்க. இவளுக்கு நான்தான்.

13, சனி

ரெண்டு பேர் வந்துட்டாங்க! தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரய்யா ஒண்ணு. உக்குவளை புடவைக்கடை ஹனீபா நானா ஒண்ணு. நானா தானே தைச்ச சவாரிக் களிசானோட.

"நானா, தொடைப் பக்கம் ஒரு குடும்பமே குடியிருக்கலாம் போலயே?"

"துணி மிச்சம் இருந்திச்சு மருதை. வெட்ட மனசு வரல்ல."

பின்னேரம் நானா ஏறினார். ராசா மாதிரி போனார். ஆறாம் நம்பர் வளைவுல கொழுந்து நிறுக்கிற மடுவம். அங்க ரோசி நின்னா. நின்னவ நின்னவதான். இழுத்தோம், தள்ளினோம், கெஞ்சினோம். மடுவத்துல ஒரு ஈ காக்கா கெடையாது, ஆனா அதையே பாத்துக்கிட்டு நிக்கிறா.

நானா எறங்கினார். "இது குதிரையா, மைல்கல்லா?"

பொறகு வாத்தியாரய்யா. அதே எடம், அதே நிப்பு.

14, ஞாயிறு

தூறல். யோசிச்சுக் கண்டுபிடிச்சுட்டேன்!

வெள்ளைத் தொரை தினம் பத்து மணி நிறுவைக்கு அந்த மடுவத்துக்குப் போய், ரோசி மேல இருந்தபடியே பொம்பளையாளுகளை ஏசுவார். கொழுந்து முத்தல், காம்பு நீளம், இப்படி. பங்களாவுக்குத் திரும்பினதும், அப்ப அங்க குதிரை பாத்த எனக்கு ஏச்சு. "நான் பேசி முடிக்கிறதுக்குள்ள இது கெளம்பிடுது! ஒழுங்காப் பழக்கு!" அப்ப விசயம் என்ன? ஏச்சு காதுல விழுந்தாத்தான் ரோசி நகருவா. ஏறுறவங்க ஏசணும்.

வாத்தியாரய்யாவுக்குச் சொல்லிக் குடுத்தேன். ஆளில்லாத மடுவத்தைப் பாத்து அவர் ஏசினது: "அன்புள்ள பெண்களே, சற்றுக் கவனமாகக் கொய்யலாகாதா?"

ரோசி கண்ணை மூடிக்கிட்டா.

"ஐயா, இது கடுதாசி. ஏச்சு இல்ல."

"எனக்கு இவ்வளவுதான் வரும் மருதை."

17, புதன்

ரோசிக்குப் புண்ணாக்கு. சேணத்து வார் ஒண்ணு தைக்கணும். வாத்தியாரய்யாவுக்குத் தொண்டை கட்டிருச்சாம், தனியா ஏசிப் பழகி.

ராவைக்குச் சாப்பிடுறப்ப வீட்டுக்காரி செல்லாயிக்கிட்ட ஏச்சு வைத்தியத்தைச் சொன்னேன். இருபத்தாறு வருசமா கொழுந்து எடுக்கிறவ. முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்கிறா.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. ஏசுங்க, நல்லா ஏசுங்க."

கண்டி ஆளு விசயத்தை அவகிட்ட சொல்லல. சிரிக்கிறவளை எதுக்கு அழ வைக்கிறது.

20, சனி

இன்னைக்கு நானாதான் நம்பிக்கை. துணியை எல்லாம் பிரிச்சுப் பாத்துட்டு வாங்காமப் போறவங்களை ஏசிப் பழகின வாய். மடுவத்துக் கூரையில இருந்த காக்கா அத்தனையும் பறந்துச்சு. ரோசி அசையல.

வீட்டுக்கு வந்து சும்மா உக்காந்திருந்தேன். செல்லாயி தேத்தண்ணி கொண்டாந்தா. "என்ன, ஒங்க வாய் எங்க போச்சு?"

சொல்லிட்டேன். நாளையோட தவணை, கண்டி ஆளு, தோல்.

கோப்பையைக் கீழ வச்சா. "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன மனுசா?"

பொறகு அவ சொன்னதை அப்படியே எழுதுறேன். வெள்ளைத் தொரை ஏசத் தொடங்கினதும் இவ கூடைக்குப் பின்னால இருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக்கிட்டு றோட்டோரம் போய் நிப்பாளாம். ரோசி ரொட்டியைப் பாத்து நடக்க, தொரையும் அவர் ஏச்சும் சேந்து போயிருமாம். ரோசி நிக்கிறது ரொட்டிக்கு. பதினோரு வருசம்! மலையில கொழுந்தெடுக்கிற அத்தனை பேருக்கும் தெரியுமாம்.

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"ஒங்க வாயில நிக்குமா?"

ஞாயம். ஆனா பங்களாவுல ஏச்சு வாங்கினது நான். ரொட்டியும் எனக்கு வச்சதுல இருந்து பிச்சதாம்.

21, ஞாயிறு

நல்ல வெயில். கிளப்பு வாசல்ல செகரட்டரி தொரை, அவர் குதிரை மேல. இன்னும் நாலு மெம்பர்மாரும் பாக்க வந்திருந்தாங்க.

வாத்தியாரய்யா மொதல்ல. மடுவத்துல ரோசி நின்னா. கோயிலுக்குக் கட்டுற சீலையில செல்லாயி அங்க நின்னு ரொட்டியைக் காட்டினா. கல்யாணப் பொண்ணு மாதிரி நடந்தா ரோசி. வாத்தியாரய்யா எறங்கி செல்லாயிக்கும் "நன்றி அம்மா" சொன்னார், குதிரைக்கும் சொன்னார்.

நானாவைக் காணோம். றோட்டுல மரம் விழுந்து பஸ் இல்லையாம். காத்திருந்தோம். செகரட்டரி தொரை மணியைப் பாத்தார். "ஒரு ஆள் போதாது மருதை."

ரோசி என் தோளை நக்குறா.

மடுவத்துல இருந்து வந்திருந்த செல்லாயி முன்னால போனா. "தொரை, குதிரை இல்லாதவங்க ஏறலாம்னுதானே நோட்டீசு? எங்க லயத்துக் காம்பராவை மூலை மூலையாத் தேடினாலும் ஒரு குதிரை கெடைக்காதுங்க."

மெம்பர்மார் சிரிச்சாங்க. செகரட்டரி தொரையும். "சரி, ஏறு."

சீலையை வரிஞ்சு கட்டிக்கிட்டுப் படியில ஏறி நின்னா. "வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காமத் தூக்கி விடுங்க."

தூக்கி விட்டேன். கனம்தான். மிச்ச ரொட்டியை வாங்கிக்கிட்டுக் குறுக்குப் பாதையில ஓடி மடுவத்துல நின்னேன், மூச்சு வாங்க.

வந்தாங்க ரெண்டு பேரும், பின்னால செகரட்டரி தொரை. ரோசி நின்னா. மேல இருந்து செல்லாயி என்னைப் பாத்துத் தொடங்கினா. "என்னய்யா இது, கொழுந்தா, மாட்டுத் தீனியா? காம்பு இவ்வளவு நீளம்! சோம்பேறி!" அச்சு அசல் வெள்ளைத் தொரை. மூஞ்சி பூரா சிரிப்பு. அவளை இவ்வளவு உசரத்துல நான் பாத்ததே இல்ல.

செகரட்டரி தொரை சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டார். "போதும், போதும். பேரை எழுதிக்கிறேன். கண்டி ஆளு வர வேண்டாம். ரொட்டியைக் குடு மருதை."

குடுக்கல. முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் ஏசட்டும்.