வள்ளம்போல ஆடும் கார்

என் பிள்ளைகளின் தாய்க்கு,

"இனி வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்று டொக்டர் சொன்னதைப் பற்றி நான் எழுதமாட்டேன். காரைப் பற்றி எழுதுகிறேன்.

அம்புலன்சில் ஒவ்வொரு குழிக்கும் நீர் கத்தியது இன்னும் என் காதில் கிடக்கிறது. அதனால்தான் நான் கட்டிய காருக்கு ஸ்பிரிங் தகடுகளையும் நானே வெட்டினேன். முதலில் செய்தவை வெல்டிங் வைத்த இடத்திலேயே முறிந்தன. பிறகு மெல்லிய தகடு போட்டேன். இப்போது கார் நில்லாமல் ஆடுகிறது.

உம்முடைய தம்பி யூட்சன் பின்சீற்றில் படுத்துப் பார்த்துவிட்டு, "அத்தான், இது காரில்லை, வள்ளம்" என்று சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. முதுகில் செல்குண்டின் துண்டு ஏறியபிறகு நீர் முனகாமல் நித்திரைகொண்டது எங்கள் வள்ளத்தில் மட்டும்தானே.

இனி ஒன்றையும் மாற்றமாட்டேன். நாளை விடிய உம்மைக் கூட்டிப்போக ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அதுவரைக்கும் நித்திரையாகிவிடாதேயும். கொக்கிளாயில் எங்கள் வீடு வரைக்கும் காரில் நித்திரைகொள்ளலாம்.

உம்முடைய,
நீர் கூப்பிடும் 'இஞ்சாருங்கோ'