எலும்பு ஒடியும் சத்தம்

ஜூன் 3

என் அன்புச் சத்தக்காரருக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். திரைச்சீலை மாட்ட ஸ்டூலில் ஏறியவள் விழுந்துவிட்டேன். இடது கையில் எலும்பு முறிவு, கட்டுப் போட்டிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. நான் தரையில் கிடந்து கத்துகிறேன், நம் மகள் வாலு பக்கத்தில் உட்கார்ந்து மெல்லுவதை நிறுத்தாமல் சொல்கிறாள்: "அப்பா பண்ற சத்தம்தாம்மா நல்லா இருக்கும். இது சொத்தை."

எட்டு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? ஸ்கூல் விட்டு வந்தால் நீங்கள் சத்தம் சேர்த்துப் போனுக்கு அனுப்பும் சினிமாச் சண்டைகள்தான். சாப்பாடும் அதன் முன்னால்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. அனுப்புவதை நிறுத்துங்கள்.

உங்கள்,
ஒற்றைக் கைக்காரி


ஜூன் 11

என் வீட்டு மேலதிகாரிக்கு,

சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் ஒன்றை ஒத்துக்கொள், அவள் காது என்னுடையது. சரி, நிஜத்தில் எப்படிக் கேட்டது? 'மடக்' என்றா, இல்லை அமுங்கினாற்போலா? இங்கே எலும்பு ஒடியும் சத்தத்துக்குக் கேரட்டை ஈரத்துணியில் சுற்றி ஒடிக்கிறோம், இயக்குநருக்குத் திருப்தியே இல்லை. மாடியிலிருந்து ஒருவர் விழும் காட்சியை நேற்று முடித்தேன். வாலுவுக்கு அனுப்பியிருக்கிறேன், மார்க் போடச் சொல். நீ ஓய்வெடு.

உன்,
சத்தக்காரன்


ஜூன் 20

உங்களுக்கு,

கேட்டது ஒரு கேள்வி, அதுவும் சத்தத்தைப் பற்றி. வலிக்கிறதா என்று நீங்களும் கேட்கவில்லை. அப்புறம் எந்த முகத்தோடு அவளைத் திட்டுவது?

திட்டவில்லை, வேலை வாங்கினேன். கையைத் தாங்கும் துணியை என் கழுத்தில் அவள்தான் முடிச்சுப் போட வேண்டும், தலையையும் அவள்தான் வார வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தாள். நேற்று அவசரத்தில் இழுத்துவிட்டாள். எனக்கு உயிர் போய்விட்டது, அழுதுவிட்டேன். முடிச்சை அவிழ்த்துத் தளர்வாகக் கட்டினாள். அதற்கப்புறம் போனை எடுக்கிறாள், வைக்கிறாள், ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடக்கிறாள்.

இன்று காலை ஷூ மாட்டும்போது கேட்டாள்: "மாடியிலேருந்து விழுந்தாரே ஒரு மாமா, அவருக்கு யாரும்மா கட்டுப் போட்டாங்க?"

நீங்கள் அனுப்பியது அவர் விழுவதோடு முடிந்துவிடுகிறது. அது நடிப்புதான் என்று சொல்லிப் பார்த்தேன். "அது தெரியும்மா. இருந்தாலும் யாரு?" என்கிறாள். அப்பாவைக் கேட்கலாம் என்றேன். காத்துக்கொண்டிருக்கிறாள்.

இனி எதுவும் அனுப்பாதீர்கள். பதில் தெரிந்தால் நேரில் வந்து அவளிடம் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் வாருங்கள்.

வாலுவின் அம்மா