அந்த அழைப்பில் பேசியவள் நான்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் மச்சானும் சுகம். உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். கடையில் வியாபாரம் பரவாயில்லை. பிளாஸ்டிக் நாற்காலி விலை ஏறியும் விற்றுப்போகிறது, எவர்சில்வர்தான் அலமாரியில் தூங்குகிறது. உன் சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டு எழுதச் சொன்னார் உன் மச்சான். கேட்டுவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசலாம் என்று பார்த்தால் "லைன்ல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கடிதத்தை ஹோல்டில் போட முடியாது, அதனால் எழுதுகிறேன். வீட்டு முகவரிக்கு அனுப்புவதும் யோசித்துத்தான். உன் வீட்டுக்காரியும் படிக்கட்டும்.

தள்ளுபடி சீசனுக்கு மூன்று மாத வேலை, வீட்டில் உட்கார்ந்தே வாடிக்கையாளர்களிடம் போனில் பேசினால் போதும், "நான்தான் டீம் லீடர், நம்ம பொண்ண நான் பார்த்துக்க மாட்டேனா?" என்று நீ சொன்னாய். அந்தப் பேச்சை நம்பித்தான் என் மகளை அனுப்பினேன். அனுப்புவது என்ன, கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில்தான் உட்கார வைத்தேன். வீட்டில் தெருச் சத்தம் கேட்கிறது என்று இரண்டு தடவை சம்பளத்தில் பிடித்தீர்களே. அட்டைப் பெட்டி சத்தத்தை உறிஞ்சும் என்று நாலு பக்கமும் அடுக்கி, நடுவில் மேசை போட்டுக் கொடுத்தேன். மின்விசிறியும் கூடாதாம், காற்று மைக்கில் மோதுமாம். குழந்தை வேர்த்துக் கொட்டிக்கொண்டு யாரோ ஒருவருடைய தொலைந்துபோன பார்சலுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாத்ரூம் போக வேண்டுமென்றால் குரூப்பில் எழுதிவிட்டு, நீ 'ஓகே' போடும் வரை காத்திருக்க வேண்டும். நீ எப்போதும் உடனே போட்டதில்லை. கேட்பதற்கே கூசி, அவள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனபோது அந்த அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "பொண்ணு தண்ணி குடிக்கிறாளான்னுகூட பார்க்க மாட்டீங்களா?" என்றார். நான் யார் பெயரையும் சொல்லாமல் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது என் தப்பு. மறைக்க ஒன்றுமில்லை. அன்று நான் சரக்கு எடுக்க குடோனுக்குள் போனேன். மிக்ஸி ஜாடிக்கு மூடி பொருந்தவில்லை என்று ஒரு மனுஷர் கத்துகிறார், ஹெட்செட்டைத் தாண்டி எனக்கே கேட்கிறது. கத்தட்டும், காசு கொடுத்தவர். ஆனால் அவளுடைய பிறப்பு வளர்ப்பையெல்லாம் இழுத்துப் பேசினார். அவள் திரையில் இருப்பதைப் பார்த்து "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்று திரும்பத் திரும்பப் படிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, குரல் மட்டும் சிரிக்கிறது. சிரித்துக்கொண்டே பேச வேண்டும் என்பது நீ கொடுத்த பயிற்சி.

ஹெட்செட்டைக் கழற்றி என் தலையில் மாட்டிக்கொண்டேன். "ஐயா, மூடி பொருந்தலன்னா அது எங்க தப்பு, உங்க தப்பு இல்ல. வேற மூடி அனுப்பிடுவோம். முதல்ல உட்காருங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றேன். என் கடையில் கத்திக்கொண்டு நுழைகிற எவரையும் நான் கத்தவிட்டுத் திருப்பி அனுப்பியதில்லை. அது எனக்குக் கை பழகிய வேலை, யோசித்துச் செய்வதல்ல. அவரும் அடங்கி, "நீங்களாவது மனுஷங்க மாதிரி பேசுனீங்களேம்மா" என்று சொல்லிவிட்டு, ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார். மூடி மாற்றித் தருவதாக வாக்குக் கொடுக்க உங்கள் ஆட்களுக்கே அனுமதி இல்லை என்பதும், மூன்று முறை வருந்திய பிறகு மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு வாரத்தில் அவள் வேலை போயிற்று. வெளியாள் அழைப்பில் பேசியதால் ரகசியம் கெட்டதாம், வர வேண்டிய சம்பளம் முழுவதும் நிறுத்தமாம். அவர்கள் அனுப்பிய தாளில் 'ஊழியரின் தாயார்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. பதிவைக் கேட்டவர்களுக்கு ஒரு பொம்பளைக் குரல் என்று தெரிந்திருக்கும். அது அவளைப் பெற்றவளின் குரல் என்று அந்தக் கம்பெனியில் ஒரே ஒரு ஆளால்தான் சொல்ல முடியும். அதைப் பற்றி நான் மேலே எழுதப்போவதில்லை.

நான் பேசியது குற்றம் என்றால் அந்த ஒரு அழைப்புக்கு என்ன அபராதமோ போடட்டும், கட்டுகிறேன். என் கடைப் பையன் ஒரு வாளியை உடைத்தால் வாளி விலையைப் பிடிப்பேன், திட்டுவேன். அவன் உழைத்த மாதத்தையே பிடுங்கிக்கொள்ள மாட்டேன். பிடுங்கினால் எனக்குப் பெயர் வேறு.

அது மட்டும் என்றால் நானே போய்ச் சண்டை போட்டு முடித்திருப்பேன். இதில் அவளோடு வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். அழைப்பு குறைந்த நேரங்களில் நீ எல்லாரையும் கூப்பிட்டு, "லாக்-அவுட் பண்ணிட்டு சீட்லயே இருங்க, நான் சொன்னதும் உள்ள வரணும், அஞ்சு நிமிஷம் லேட்டானாலும் லீவுதான்" என்பாயே, அந்த நேரத்துக்கெல்லாம் ஒரு பைசா இல்லை. அவர்களில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி என்னைத் தேடிக் கடைக்கு வந்தாள். குழந்தை அழுததற்கெல்லாம் பிடித்தது போக, கடைசி மாதம் அவள்தான் கம்பெனிக்குப் பணம் தர வேண்டும் என்று கணக்கு வந்திருக்கிறது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை, இடுப்பில் இருந்த பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

எல்லாரும் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். முதல் விசாரணையில் கம்பெனி ஆள் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, லாக்-அவுட் பண்ணச் சொல்லி அப்படி ஓர் உத்தரவே கிடையாது, அவர்களாகவே வெளியேறி ஓய்வெடுத்தார்கள் என்றார். நீ எதையும் எழுத்தில் கொடுக்கவில்லை அல்லவா? எல்லாம் வாய் வார்த்தை. நீயும் அப்படித்தான் மேலே இருந்து வாங்கியிருப்பாய், அதுகூடத் தெரியாதவள் இல்லை நான்.

அதிகாரி நல்ல மனுஷராகத் தெரிகிறார். என் மகளைப் பார்த்து, "இந்த உத்தரவை உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க? ஒரு பேர் சொன்னா போதும், நான் கூப்பிட்டுக் கேட்கிறேன்" என்றார். மற்றவர்கள் எல்லாம் அவள் வாயையே பார்த்தார்கள். நீ அவளுக்கு மாமா என்பதால், உன்னைச் சொல்லும் உரிமையை அவளுக்கே விட்டுவைத்திருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஞாபகம் இல்ல சார்" என்றாள்.

என் கடைக்குச் சரக்குப் போடுகிற அத்தனை பேருடைய போன் நம்பரையும் மனப்பாடமாக வைத்திருக்கிறவள் அவள்.

வெளியே வந்ததும் கைக்குழந்தைக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே பஸ் ஏறிப் போய்விட்டாள். வீட்டில் நான் மகளைப் பிடித்துக் கேட்டபோது, "மாமா வேலை போயிடும்மா, குழந்தைங்க இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அதற்கு இரண்டு நாளைக்கு முன்புதான் நீ என்னை விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டு, "புகார் இல்லன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா, பாதியாவது வரும், மாமா சொல்றேன்ல" என்றிருக்கிறாய். அவள் கையெழுத்தும் போடவில்லை, உன் பெயரையும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு சாப்பாட்டைக் கிளறுகிறாள்.

உன் மச்சான், "விடு, சொந்தத்துக்குள்ள எதுக்கு" என்கிறார். அவருக்கு எல்லாமே விடுவதுதான். நான் விடப்போவதில்லை என்று உனக்கும் தெரியும். ஆனால் உன் பெயரை நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன். அவள் சொல்லாததை நான் சொன்னால் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

உனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, வேலை போனால் என்ன ஆகும் என்று தூக்கம் வராது. ஒத்துக்கொள்கிறேன். வேலை போனால் என் கடையில் வந்து உட்கார் என்று இனிப்பாகப் பேச மாட்டேன். உனக்கு வியாபாரம் வராது, வாடிக்கையாளர் பேரம் பேச ஆரம்பிக்கும்போதே நீ மன்னிப்புக் கேட்டுவிடுவாய். ஆனால் உனக்கு வேறு வேலை கிடைக்கும் வரை கடன் தவணையை நான் கட்டுகிறேன். வாய் வார்த்தை இல்லை, இதோ எழுத்தில் தருகிறேன். உன் வீட்டுக்காரி இதைப் பத்திரமாக எடுத்து வைக்கட்டும்.

அடுத்த விசாரணை புதன்கிழமை காலையில். அதிகாரியின் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீ இங்கே வர வேண்டாம், கம்பெனிக்கு எதிராகக் கொடி பிடிக்க வேண்டாம். அதற்கு முன்னால் நீயாகவே அவரைக் கூப்பிட்டு, நீ என்ன சொன்னாய், உனக்கு யார் சொன்னார்கள், அந்த இரண்டை மட்டும் சொல். செய்வாயா மாட்டாயா என்று எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். புதன்கிழமை அந்த அதிகாரி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார். உனக்காக என் பிள்ளையை இன்னொரு தடவை பொய் சொல்ல வைக்காதேடா.

இப்படிக்கு,
உன் அக்கா