மத்தியானத்தோடு பூட்டிய ஆஸ்பத்திரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உன் சுகத்தை நீ கைப்பட எழுதினால்தான் நம்புவேன், போனில் எதைக் கேட்டாலும் சிரித்தே மழுப்பிவிடுகிறாய்.

அப்பா இப்போது நன்றாக நடக்கிறார், அதனால் பதறாமல் படி. சில மாதங்களுக்கு முன் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தெருமுனை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனால் கேட்டில் பூட்டு. கஜானாவில் பணமில்லையாம், சீர்திருத்தம் என்று சொல்லி நம் ஆஸ்பத்திரியைப் பெரியாஸ்பத்திரியோடு சேர்த்துவிட்டார்கள், இங்கே காலையில் மட்டும்தான். அது தெரிந்தும் பழக்கத்தில் கால் அங்கேதான் போயிற்று. எதிர்க்கடைத் தையல்காரர்தான் துணி ஏற்றும் வண்டியில் அப்பாவைப் படுக்கவைத்து ஓட்டிக்கொண்டு போனார். பெரியாஸ்பத்திரியில் நல்ல டாக்டர், நல்ல மெஷின், குறை சொல்ல மாட்டேன், உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆனால் தூரம்.

அந்தப் பூட்டைப் பார்த்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. சின்ன வயதில் உனக்கு இழுப்பு வந்தால் தூக்கிக்கொண்டு அங்கேதானே ஓடுவேன். பெரிய நர்ஸம்மா "வாடி விசில்" என்றுதான் உன்னைக் கூப்பிடுவார், மாஸ்க்கை வைத்துக்கொண்டே "இன்னிக்கு என்ன பாட்டு ஊதப்போற?" என்று கேட்பார், மூச்சு முட்டும்போதும் நீ சிரிப்பாய். ஆட்குறைப்பில் அவரையும் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன வாரம் மார்க்கெட்டில் பார்த்ததும் "விசில் எப்படிம்மா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அப்பா மாதாமாதம் பஸ் மாறிப் போய்க் காட்ட வேண்டும். ஒருநாள் களைத்துப்போய் "இனிமே வரமாட்டேன், விட்டுடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளே தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சுகாதார ஆபீசுக்கே போனேன். அதிகாரியும் பாவம், "காசு இருந்தா நாங்க ஏம்மா மூடுறோம்?" என்றார். "வாரத்துல ஒரு சாயங்காலமாவது ஒரு டாக்டரை அனுப்புங்கய்யா, கூட்டிப் பெருக்குறது எங்க பொறுப்பு" என்றேன். திரும்பத் திரும்பப் போய் நின்றோம், கடைசியில் எங்கள் தலையைக் கண்டதுமே சரி என்றுவிட்டார்.

இப்போது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேட் திறக்கிறது. முதல் வாரம் உள்ளே போனால் உட்கார ஒன்றுமில்லை, பெஞ்சு, நாற்காலி எல்லாவற்றையும் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், கர்ப்பிணிகள்கூடத் தரையில். வரமாட்டேன் என்று படுத்த மனுஷன் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து நம் கூடத்துப் பெஞ்சைத் தூக்கப் பார்த்தார். "நெஞ்சு வலிக்காரர் பெஞ்சு தூக்கலாமா?" என்று தையல்காரர் ஓடிவந்து பிடுங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார், அப்பா வெறுங்கையோடு முன்னால் நடந்து வழிவிடச் சொன்னார்.

குளிரில் காதை மூடிக்கொள், இன்ஹேலரைக் கைப்பையிலேயே வை. எந்தக் குறையும் இல்லாமல் நல்லா இரு கண்ணு. லீவுக்கு வந்தால் வீட்டில் பாய்தான், நம் பெஞ்சில் உட்கார வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை வா.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா